விழுந்த இலை சொல்லும் செய்தி

வீட்டினுள்ளே செடி வளர்க்கும் வழக்கம் இக்காலத்தில் நம்மவரிடையே பெரிதும் பரவியுள்ளது. முற்றமும் வேலியும் கிணற்றடியும் உள்ள வீடுகளில் வாழ்ந்தபோது செடியை உள்ளே கொண்டுவர வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. விறாந்தைப் படியின் இரு மருங்கும் குரோட்டன் சாடிகள் இரண்டு, தூணோரத்தில் பன்னச்செடி ஒன்று, அத்துடன் சரி. இன்றோ தொடர்மாடி வீடுகளிற் குடியிருக்கும் பிள்ளைகளுள் பலருக்கு, மண் என்று தொட்டுப் பார்க்கக் கிடைப்பது சாடிக்குள் இருக்கும் மண் மாத்திரமே. ஆகவே மணிப்பிளான்ட் கொடியும் அந்தூரியமும் குரோட்டனும் மனிதரோடு மனிதராகக் கூடத்திலே குடிபுகுந்துவிட்டன. நல்லதே.

ஆனால் உள்ளே வந்த செடி சில வாரங்களில் இலையை உதிர்க்கத் தொடங்குகிறது. காலையில் வீடு கூட்டும்போது இரண்டு இலை; மறுநாள் ஐந்து. இவ்வேளையில் வீடுகளில் நிகழ்வது என்னவென்பதை நாம் பல முறை கண்டிருக்கிறோம். முதலில் தண்ணீர் ஊற்றுவார்கள். மேலும் விழுந்தால் உரம் இடுவார்கள். அதன் பின்னும் விழுந்தால் சாடியைத் தூக்கி வேறோர் அறையில் வைப்பார்கள். நோயாளியின் நாடியைத் தொட்டுப் பாராமலே மூன்று மருந்துகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் புகட்டுகின்ற வைத்தியம் இது. இறுதியிற் செடி பட்டுப்போனால், "எங்களுக்குச் செடிக்குக் கைராசி இல்லை" என்று சொல்லிச் சாடியைக் கவிழ்த்துவிடுவார்கள். கைராசி என்பதில் எமக்கு நம்பிக்கை இல்லை. கூட்டித் தள்ளிய அந்த இலைகளை எடுத்து ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால், பெரும்பாலான செடிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிந்திருக்கலாம்.

இலை உதிர்தல் என்றால் என்ன என்பதை முதலிற் சிறிது ஆராய்வோம். மாணவர்களுக்கு இது பாடமாகவும் அமையும். இலைக்காம்பு தண்டோடு பொருந்தும் இடத்திலே குறுக்காக மெல்லிய கலப்படை ஒன்று உண்டு. இலை நலமாயிருக்கும் வரையில் ஒட்சின் என்னும் ஓமோன் அதிலிருந்து காம்பின் வழியே ஓயாது இறங்கிக்கொண்டிருக்கும். அது இறங்கும் மட்டும் அந்தப் படை இறுக்கமாகவே இருக்கும். இருள், வறட்சி, வேர் அழுகல், முதுமை என்னும் இவற்றுள் ஏதேனும் ஒன்றால் இலை நலிந்ததும் ஒட்சின் குறைகிறது. எதிலீன் என்னும் வாயுவின் ஆதிக்கம் மேலோங்குகிறது. கலங்களை ஒட்டி வைத்திருக்கும் பசை கரைகிறது. இலை தன் பாரத்தாலேயே கழன்று வீழ்கிறது. வீழ்ந்த இடத்தைத் தக்கை போன்ற படையொன்றால் மூடிப் புண்ணை ஆற்றிக்கொள்வதும் செடியேதான்.

ஆகவே உதிர்த்தல் என்பது உயிருள்ள செடி செய்கின்ற ஒரு தொழில். புயலில் முறிந்து தொங்கும் மாங்கிளையைப் பாருங்கள். அதன் இலைகள் கருகிச் சருகான பின்னரும் கிளையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். உதிர்ப்பதற்கு வேண்டிய உயிர் அக்கிளையில் இல்லை. வீட்டுச் செடியிலும் இதே நியாயந்தான். தொட்டதும் காம்போடு சுத்தமாகக் கழன்று விழும் இலையைக் கண்டு நாம் அவ்வளவு அஞ்சுவதில்லை. காய்ந்து கருகியும் தண்டை விடாது பற்றிக்கொண்டிருக்கும் இலையைக் கண்டாற்றான் அஞ்சுகிறோம். அங்கே கிளையே இறந்திருக்கலாம். நகத்தால் தண்டின் தோலை மெல்லச் சுரண்டிப் பார்த்தால், உள்ளே பச்சை தெரிகின்றதா கபிலம் தெரிகின்றதா என்பது ஐயத்தைத் தீர்த்துவிடும்.

எதிலீன் என்றதும் ஏதோ ஆய்வுகூடத்துப் பொருளென்று எண்ண வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் வாழைக்குலையைக் குழியில் இறக்கி, மூடி, புகையூட்டிப் பழுக்கவைப்பதை நம் முதியோர் அறிவர். காய் பழுப்பதற்கு அங்கே வெப்பம் மட்டும் காரணமன்று. புகையிலே எதிலீனும் இருக்கின்றது. பழுக்கத் தொடங்கிய பழமும் தானே அதனை வெளிவிடும். ஐரோப்பிய நகரங்களில் 19ஆம் நூற்றாண்டிலே வீதி விளக்குகளுக்காக நிலக்கரி வாயுவைக் குழாய் வழியே கொண்டுசென்றபோது, குழாய் ஒழுகிய இடங்களில் நின்ற மரங்கள் பருவமல்லாப் பருவத்தில் இலையுதிர்த்தன. அந்த வாயுவிலே செடியைத் தாக்குவது எதிலீனே என்பதை 1901இல் உருசிய நாட்டு அறிஞர் திமித்திரி நெல்யூபொவ் பட்டாணி நாற்றுகளைக் கொண்டு நிறுவினார். காற்றோட்டமில்லாத சிற்றறையில் பழக்கூடைக்கும் புகையும் விளக்குக்கும் பக்கத்திலே செடியை வைத்தல் ஆகாது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

இனி நோய்க்கு வருவோம். எமது அனுபவத்தில், வீட்டினுள்ளே இறக்கும் செடிகளிற் பெரும்பாலானவை தாகத்தால் இறப்பதில்லை, தண்ணீரால் இறக்கின்றன. வேரும் மூச்சு விடுகின்றது என்பதைப் பலர் நினைப்பதில்லை. மண் துகள்களுக்கு இடையே உள்ள வெளியில் காற்று இருக்க வேண்டும். அவ்வெளி முழுவதும் நாட்கணக்காக நீர் நின்றால், ஒட்சிசன் இல்லாது வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே நீரிலே நின்றுகொண்டே செடி வாடும். வீட்டிலுள்ளவர் வாடிய இலையைக் கண்டு, தாகம் என்று எண்ணி, மேலும் ஒரு செம்பு ஊற்றுவர். இதைவிடக் கொடிய அன்பு வேறில்லை.

மேல்மண்ணைப் பார்த்து ஈரத்தை மதிப்பிடுதலும் கூடாது. இப்போது நாற்றுமேடைகளில் விற்கப்படும் செடிகள் பெரும்பாலும் தும்புத்தூள் கலந்த மண்ணிலேயே வருகின்றன. தும்புத்தூள் மேலே வெளிறி உலர்ந்து தோன்றும். இரண்டு அங்குலம் கீழே பிழிந்தால் நீர் சொட்டும். நாம் கையாளும் கருவி ஓர் ஈர்க்கு. விளக்குமாற்றிலிருந்து ஒன்றை உருவிச் சாடியின் அடிவரை குத்தி, ஐந்து நிமிடம் விட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். ஈரமாய் மண்ணொட்டி வந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். மோந்து பார்த்தலும் நன்று. நல்ல மண்ணில் மழை மணம் இருக்கும். அழுகும் வேர் சாக்கடை மணம் வீசும்.

இன்னுமொன்று. சாடியின் அடியிலே கல்லும் ஓட்டுத் துண்டுகளும் நிரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது பரம்பரையாக வந்த எண்ணம். அது சரியன்று. நுண்ணிய மண்ணிலிருந்து நீர் பெருங்கல்லின் இடைவெளிக்கு எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பாகம் நிறைந்து ததும்பிய பின்னரே இறங்கும். எனவே கற்படை இட்டதனால் அந்தச் சேற்றுப்படை மேலேறி வேருக்கு இன்னும் கிட்டியதாய் விடுகிறது. துவாரத்தை மண் அடைக்காமலிருக்க ஓர் ஓட்டுத் துண்டு போதும். துவாரமே இல்லாத அழகிய பீங்கான் சாடிகளைப் பற்றி நாம் என்ன சொல்வது? அவற்றை விற்பவர் செடி வளர்ப்பவராய் இருக்கமாட்டார்.

உண்மையான தாகத்தின் அடையாளம் வேறு. இலை பளபளப்பிழந்து தொய்யும். ஓரம் மொறுமொறுப்பாகக் கருகும். சாடியைத் தூக்கினால் பஞ்சுபோல் இலேசாக இருக்கும். மண் சுருங்கிச் சாடியின் சுவரை விட்டு விலகியிருக்கும். அவ்விலகிய இடைவெளியால் ஊற்றிய நீர் முழுவதும் ஓடிக் கீழ்த்தட்டில் நிறைந்துவிடும். நீர் தட்டிலே நிற்கின்றதே, செடி குடித்துவிட்டது என்று ஏமாறுவர். அத்தகைய சாடியை ஒரு வாளி நீரில் அரைமணி நேரம் இருத்தி, மண் முழுவதும் நனைந்த பின் எடுத்து வடியவிட வேண்டும்.

தண்ணீருக்கு அடுத்தது வெளிச்சம். இதில் நம்மை ஏமாற்றுவது நமது கண்ணேயாகும். திறந்த வெளியில் நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 100,000 லக்ஸ். யன்னலுக்கு அப்பால், கூடத்தின் நடுவிலே அது சில நூறு லக்ஸ் அளவே இருக்கும். ஆயினும் நமது கண்மணி விரிந்து கொடுப்பதால் நாம் அங்கே பத்திரிகை படிக்கிறோம். வெளிச்சம் தாராளமென்று சொல்கிறோம். செடிக்குக் கண்மணி இல்லை. அது ஒளியைக் கொண்டே உணவு சமைப்பது. நண்பகலில் செடி நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்து, ஒரு சாண் உயரத்திற் கையைப் பிடியுங்கள். விரல்கள் தெளிவாக நிழலாய்த் தெரிந்தால் குரோட்டனும் வாழும். நிழல் மங்கலாகக் கலங்கினால் மணிப்பிளான்ட் போன்றவை வாழும். நிழலே விழாத மூலையில் எதுவும் நெடுநாள் வாழாது. அங்கே செடி தன் பழைய சேமிப்பைத் தின்று காலம் கழிக்கிறது என்பதே உண்மை.

இங்கே எமது உறவு வீடொன்றில் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலே தனித்திருந்த எமது பெரியம்மாவை அவருடைய மகன் வெள்ளவத்தையிலுள்ள தன் தொடர்மாடி வீட்டுக்கு அழைத்துவந்தார். பெரியம்மா கொண்டுவந்த பொருள்கள் சொற்பம். அவற்றுள் ஒன்று, மறைந்த பெரியப்பா வைத்த குரோட்டனிலிருந்து பதியம் எடுத்து வளர்த்த ஒரு செடி. மூன்றடி உயரம், மஞ்சளும் சிவப்பும் இழைந்த இலைகள். வானிலே அத்தனை தூரமும் அதனைக் காலிடையில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாராம். மருமகள் அதனைக் கூடத்திலே சுவாமிப்படத் தட்டுக்கு அருகில் இடம் ஒதுக்கி வைத்தாள்.

இரண்டாம் வாரத்தில் இலைகள் விழத் தொடங்கின. ஒரு மாதத்தில் அடிப்பாதி வெறுந்தண்டாயிற்று. பெரியம்மா முதலில் நாவூறு என்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அந்த மௌனம் வீட்டிலே ஒரு பாரமாய் நின்றது. நாம் ஒருநாள் சென்றிருந்தபோது, மருமகள் அடுக்களையில் இருக்கும் நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "தம்பி, நான் சொல்லக்கூடாது. அவள் சுடுகஞ்சி ஊத்துறாள் போலை கிடக்கு" என்றார். வேண்டாத பொருளை வீட்டைவிட்டு அகற்ற மருமகள் கண்ட வழி அது என்பது அவர் எண்ணம். செடியோடு தன்னையும் சேர்த்தே அவர் நினைத்தார் என்பது எமக்கு விளங்காமலில்லை.

நாம் மறுமொழி கூறவில்லை; விழுந்த இலைகளைக் கேட்டோம். பெரியம்மா அவற்றை எறியாமல் ஒரு சுளகிலே சேர்த்து வைத்திருந்தார். அது நல்லதாய்ப் போயிற்று. நாற்பதுக்கு மேற்பட்ட இலைகள் இருந்தன. ஒன்றிலேனும் புள்ளி இல்லை, கருகல் இல்லை, வெந்த அடையாளம் இல்லை. பல இலைகள் நிறம் மாறாமலே கழன்றிருந்தன. காம்பின் நுனி ஒவ்வொன்றும் வெட்டியெடுத்தது போற் சுத்தமாயிருந்தது. சுடுநீர் பட்ட செடி இப்படி ஒழுங்காகக் கீழிருந்து மேலாக, ஒரு மாதம் எடுத்துக்கொண்டு உதிர்க்காது. ஒன்றிரண்டு நாட்களிலே செடி முழுவதும் துவண்டு, இலைகள் வாடியபடியே தொங்கியிருக்கும். சாடியைச் சரித்து வேர்ப்பந்தை மெல்ல வெளியே எடுத்துப் பார்த்தோம். வேர்கள் வெண்மையாய், உறுதியாய், நுனி குன்றாமல் இருந்தன. வெந்த வேர் கபிலமாகிக் குழைந்திருக்கும். இதனைப் பெரியம்மாவிடம் காட்டினோம். அவர் வேரைத் தொட்டுப் பார்த்தார். விவசாயக் குடும்பத்திற் பிறந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

செடியின் நுனியிலே புதிதாய் வந்த மூன்று இலைகள் வெறும் பச்சையாக இருந்தன. அதுவே நோயின் பெயரைச் சொல்லிற்று. குரோட்டன் நல்ல ஒளியிலேயே மஞ்சளும் சிவப்பும் காட்டும். மங்கலில் பச்சைக்குத் திரும்பிவிடும். யாழ்ப்பாணத்து விறாந்தையின் வெயிலிலே பல்லாண்டு நின்ற செடி, எதிர்க்கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஒரு யன்னலின் உட்புறத்துக்கு ஒரே நாளில் வந்து சேர்ந்தது. வெயிலுக்கென்று சமைத்த அத்தனை இலைகளையும் அந்த மங்கலில் வைத்துக் காப்பாற்றச் செடிக்கு வருவாய் போதவில்லை. எனவே முதிய இலைகளைக் கழித்துச் செலவைக் குறைத்துக்கொண்டது. அதற்குமேல் யாரும் அதற்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. மருமகள் ஊற்றியது என்னவோ அரிசி கழுவிய தண்ணீர்; அதுவும், மாமியின் செடியாயிற்றே என்று ஆறவைத்து ஊற்றியிருக்கிறாள்.

உடுப்புக் காயப்போடும் கொடியைச் சற்று நகர்த்திப் பல்கனியில் இடம் செய்தார்கள். எடுத்த எடுப்பில் வெயிலில் வைத்தால் மங்கலுக்குப் பழகிய இலை வெந்துவிடும். ஆகையால் முதற் பத்து நாள் சுவரோரம், பின்னர் காலை வெயில் மட்டும், அதன்பின் முழு இடம் என்று படிப்படியாய் நகர்த்தச் சொன்னோம். ஆறு வாரமளவில் வந்த இலையிலே மஞ்சள் நரம்பு தெரிந்தது. பெரியம்மா மருமகளிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தலைமுறைக்கு அது பழக்கமில்லை. ஆனால் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் நின்று வரவென்று ஊருக்குப் புறப்பட்டபோது, "ஈர்க்குக் குத்திப் பார்த்து ஊத்து, பிள்ளை" என்று செடியை அவளிடமே ஒப்படைத்துவிட்டுப் போனார்.

இடமாற்றத்தால் இலையுதிர்க்கும் செடிகளில் குரோட்டனைவிடப் பெயர் பெற்றது, அலுவலகங்களில் வைக்கப்படும் சிற்றிலை ஆலாகிய பெஞ்சமினா. ஒரு யன்னலிலிருந்து மறு யன்னலுக்கு மாற்றினாலே அது கோபித்துக்கொண்டு பாதியிலைகளைக் கொட்டிவிடும். மீண்டும் மீண்டும் இடம் மாற்றாமல் பொறுத்திருப்பதே அதற்கு மருந்து. குளிரூட்டியின் காற்று நேரே படும் இடத்தை மட்டும் தவிர்த்தால் போதும்.

உரம் இடுவதன் முன், மஞ்சளித்தது எந்த இலை என்று பார்க்க வேண்டும். நைதரசன் குறைந்தால் முதிய இலைகள் முதலில் மஞ்சளிக்கும். செடி அவற்றிலுள்ள நைதரசனைத் திரும்ப எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடுகிறது. தாய் பட்டினி கிடந்து பிள்ளைக்கு ஊட்டுவது போல. மகனீசியம் குறைந்தாலும் முதிய இலையே வருந்தும். ஆனால் நரம்புகள் பச்சையாக நிற்க இடைப்பகுதி வெளிறும். இரும்பு அப்படியன்று. ஓரிலையில் தங்கிய இரும்பு எளிதில் இடம்பெயராது. ஆகவே இரும்புக் குறை தளிரிலேயே தோன்றும். இளம் இலை மஞ்சளாய், நரம்பு மட்டும் பச்சைக் கோலமாய்த் தெரியும்.

யாழ் குடாநாட்டு வாசகர் இதனைக் கவனிக்க வேண்டும். அங்கு நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல். கிணற்று நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியிலே வெள்ளையாய்ப் படிவது அதுவே. நிலத்திலே நிற்கும் செடியின் வேர் அகலவும் ஆழவும் ஓடும். மாரி மழை மண்ணைக் கழுவிவிடும். சாடிச் செடிக்கு அந்த வசதியில்லை. ஆண்டு முழுவதும் அதே நீரை ஒரு பிடி மண்ணில் ஊற்ற ஊற்ற, மண் காரத்தன்மை அடைகிறது. மண்ணிலே இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாமற் போகின்றது. சாடியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு, தளிரிலே மஞ்சள்: இவ்விரண்டும் சேர்ந்து தோன்றினால் காரணம் நீரே. அதற்கு மேலும் உரம் இட்டால் உப்பு ஏறி இலையோரம் கருகும். கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பீப்பாவில் சேர்த்து ஊற்றுவதும், மாரியில் சாடியை இரண்டு நாள் மழையில் வைத்தெடுப்பதும் செலவில்லாத வைத்தியங்கள்.

பூச்சிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அவை இலையின் அடிப்புறத்தில் இருக்கும். நாமோ மேற்புறத்தையே பார்ப்போம். சாம்பல் தூவியது போல இலை புள்ளிபுள்ளியாய் வெளிறினால், அதன் கீழே வெள்ளைக் கடதாசியைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நடக்கத் தொடங்கினால் அது செஞ்சிலந்தி எனப்படும் நுண்ணுயிர். காம்பின் கக்கத்திலே வெண்பஞ்சாக ஒட்டியிருப்பது வேறொன்று. எறும்பு வரிசையாய் ஏறுமாயின் சாறுறிஞ்சும் பூச்சி எங்கோ இருக்கிறதென்பது நிச்சயம். அது கழிக்கும் இனிப்பை நாடியே எறும்பு வருகின்றது. தொடக்கத்திலே கண்டுகொண்டால் சவர்க்கார நீரில் நனைத்த துணியும் சிறிது பொறுமையும் போதும்.

காரணத்தைக் கண்டறிதல் எவ்வளவு கடினம், அது பிந்தினால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை இந்நாட்டின் வரலாறே அறியும். தேயிலைக்கு முன்னர் இலங்கை மலைநாட்டில் இருந்தது கோப்பி. தென்னிந்தியாவிலிருந்து நடந்தும் தோணியேறியும் வந்த தமிழ்த் தொழிலாளர் முதலில் வேலை செய்தது கோப்பித் தோட்டங்களிலேயே. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலைகளின் அடிப்புறத்திலே செம்மஞ்சள் நிறப் பொடியொன்று காணப்பட்டது. பொடி படர்ந்த இலைகள் உதிர்ந்தன. பேராதனைப் பூங்காவின் அதிபராயிருந்த துவெயிட்சு அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்னும் அறிஞர் அது ஒரு புதிய பங்கசு என்று அவ்வாண்டிலேயே பெயரிட்டார். ஆயினும் மண் சோர்ந்துவிட்டது, பருவநிலை கெட்டுவிட்டது, பசளை போதவில்லை என்று பலரும் பல காரணம் கூறிக் காலம் கடந்தது. உதிர்ந்த இலைக்குப் பதிலாக மரம் மீண்டும் துளிர்த்ததைக் கண்டு நோய் தீர்ந்ததென்று நம்பியவரும் உளர். துளிர்க்கும் ஒவ்வொரு முறையும் மரம் தன் சேமிப்பை இழந்துகொண்டிருந்தது.

1880இல் மார்ஷல் உவோட் என்னும் இளம் தாவரவியலறிஞர் இங்கு வந்து இரண்டாண்டு தங்கி ஆராய்ந்தார். பசை பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களிலே வைத்துக் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்தார். வித்தி இலையில் விழுந்து, ஈரத்தில் முளைத்து, இலைத் துவாரத்தினூடே உட்புகுவதை ஒவ்வொரு படியாகக் காட்டினார். மலைக்கு மலை இடைவெளியின்றிக் கோப்பியையே நட்டமையால் காற்று அதனை எங்கும் கொண்டுசென்றது என்றும் விளக்கினார். நோய் இன்னதென்று விளங்கிற்று. ஆனால் அதற்குள் நோய் எங்கும் வேரூன்றிவிட்டது. 1890ஆம் ஆண்டளவில் கோப்பி நின்ற மலைச்சரிவுகளிற் பெரும்பாலானவற்றில் தேயிலை நின்றது.

சாடிச் செடியிலும், காரணம் தெரிந்த பின்னரும் காப்பாற்ற இயலாத நிலை உண்டு. வேர் முழுவதும் கபிலமாய்க் குழைந்து, இழுத்தாற் தோல் கழன்று நூல்போல வருமாயின், அச்செடிக்கு உரமும் இல்லை, மருந்தும் இல்லை. ஆனால் நுனி இன்னும் பச்சையாய் இருந்தால் அதனை விட்டுவிட வேண்டியதில்லை. அழுகல் எட்டாத இடத்தில் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். வெட்டுமுகம் உள்ளும் பச்சையாக இருக்க வேண்டும். கபிலக் கோடு தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுங்கள். மணிப்பிளான்டாயின் ஒரு கணுவாவது நீரில் அமிழும்படி போத்தலிலே வைத்து, சில நாளுக்கொருமுறை நீரை மாற்றினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர்விடும். குரோட்டன் தண்டைப் பெரிய இலைகளைக் கழித்துவிட்டு ஈர மணலில் நட்டு, நிழலில் வைக்க வேண்டும். அதற்குச் சற்றுக் கூடுதலான காலம் செல்லும். டீபன்பாக்கியா என்னும் தடித்த தண்டுச் செடியை வெட்டும்போது மட்டும் கையுறை அணிந்து, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிடுங்கள். அதன் சாறு நாவிற் பட்டால் வீங்கும், கண்ணிற் பட்டால் எரியும். பழைய மண்ணை வேறு சாடிக்குப் பயன்படுத்தாமல் அப்புறப்படுத்திவிட்டு, சாடியைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஒரு நாள் முழுவதும் நல்ல வெயிலில் கவிழ்த்து வையுங்கள். துவாரம் இல்லாத சாடியாயின் வெயிலில் வைக்கும் சிரமமும் வேண்டாம். பேனை வைக்கப் பயன்படும்.